மரில்லியனா, ஃபிஷ்ஷா: தனி ஆல்பங்களின் விற்பனைக் கணக்கை எப்படிப் படிப்பது?

நீங்கள் கேட்டது பார்வைக்கு ஒரே கேள்விதான். 1988-இல் பாடகர் ஃபிஷ் மரில்லியன் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவை விட்டுப் போன பிறகு அவர் தனியாகப் போட்ட ஆல்பங்கள் அதிகம் விற்றனவா, அவர் இல்லாத மரில்லியன் போட்டவை அதிகம் விற்றனவா? ஆனால் கூடவே நீங்கள் எடுத்துக் கொடுத்திருக்கும் பட்டியலில் ஒவ்வொரு ஆல்பத்துக்கும் எதிரே லட்சக்கணக்கில் ஓர் எண் இருக்கிறது, அது எங்கிருந்து வந்தது என்பதற்கு ஒரு வரிகூட இல்லை. அந்தப் பட்டியலை நம்பலாமா என்பதும், உயிரை விடும் ரசிகர்கள் உள்ள குழுக்களின் ஆட்கள் தனியாக வந்தால் விற்பனை ஏன் விழுகிறது என்பதும்தான் உங்கள் உண்மையான சந்தேகம் என்று எடுத்துக்கொள்கிறேன். லண்டனில் முதலில் ஒரு ரெக்கார்டு கடையிலும் பிறகு ஒரு மொத்த விநியோகக் கிடங்கிலும் பல வருடம் ஆர்டர் போடும் வேலையில் இருந்தவன் நான். ஓர் ஆல்பம் வரப்போகிறது என்றால் எத்தனை பெட்டி எடுப்பது என்று முடிவு செய்வதுதான் அங்கே தினசரி வேலை. அந்தப் பக்கத்திலிருந்து எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் பட்டியல். அதைத் தூக்கி ஓரமாக வைத்துவிடுங்கள். பிரிட்டனில் ஓர் ஆல்பம் இத்தனை பிரதிகள் விற்றது என்று பொதுவில் நிரூபிக்கக்கூடிய ஆவணம் ஒன்றே ஒன்றுதான், ரெக்கார்டு நிறுவனங்களின் சங்கமான பிபிஐ தரும் சான்றிதழ். 60,000 என்றால் சில்வர், 100,000 என்றால் கோல்டு, 3 லட்சம் என்றால் பிளாட்டினம். 1973-இல் இந்த முறை தொடங்கியபோது பிரதிகளை எண்ணவே இல்லை, வந்த பணத்தை வைத்துத்தான் கொடுத்தார்கள். 1978 முடியும்வரை அப்படித்தான். அதனால் எழுபதுகளின் ஒரு கோல்டு சான்றிதழைப் பார்த்து "அப்போ ஒரு லட்சம் விற்றிருக்கிறது" என்று எழுதுகிறவர்கள் தப்பாகவே எழுதுகிறார்கள். அதற்குப் பிறகும் 2013 வரை லேபிள், அதாவது ஆல்பத்தை வெளியிட்ட ரெக்கார்டு நிறுவனம், தானே விண்ணப்பித்தால்தான் சான்றிதழ், கணக்கும் கடைகளுக்கு அனுப்பிய பிரதிகளை வைத்து. கடைக்குப் போனதற்கும் வீட்டுக்குப் போனதற்கும் உள்ள தூரம் எங்கள் மாதிரி கிடங்கில் இருந்தவர்களுக்கு நன்றாகத் தெரியும். இதற்கு உலகப் புகழ் பெற்ற உதாரணம் அமெரிக்காவின் கிஸ் குழு. 1978 செப்டம்பரில் நான்கு பேரும் ஒரே நாளில் நான்கு தனி ஆல்பம் வெளியிட்டார்கள், நான்குக்கும் பிளாட்டினம் கிடைத்தது, ஏனென்றால் கடைகளுக்கு அனுப்பிய பெட்டிகள் அவ்வளவு. அதில் பெரும் பங்கு திரும்பி வந்து தள்ளுபடிக் கூடைகளில் கிடந்தது.

2013 ஜூலைக்குப் பிறகு பிரிட்டனில் சான்றிதழ் தானாகவே வருகிறது, உண்மையான விற்பனையை வைத்து. ஆனால் அந்தக் கணக்கு 1994-இலிருந்துதான் கையில் இருக்கிறது. அதாவது 1990-இல் நிறைய விற்றுவிட்டு அப்புறம் மெதுவாக விற்ற ஓர் ஆல்பத்துக்கு, அந்த நாளில் லேபிள் விண்ணப்பிக்காமல் விட்டிருந்தால், இன்றும் சான்றிதழ் இருக்காது. சான்றிதழ் இல்லை என்பதற்கு விற்கவில்லை என்று அர்த்தம் எடுக்கக் கூடாது. உங்கள் பட்டியலில் உள்ள முழு எண்கள் ரசிகர் பக்கங்களிலும் பழைய பேட்டிகளிலும் சொன்னது திரும்பத் திரும்பப் பிரதி எடுக்கப்பட்டு வந்தவை என்றுதான் தோன்றுகிறது. லேபிளின் உள் கணக்குப் புத்தகத்தைப் பார்க்காத யாரும் அவற்றை உறுதி செய்ய முடியாது, நானும் உட்பட.

அப்படியானால் எதை நம்புவது? வாராந்திரத் தரவரிசையை, அது எதை அளக்கிறது என்று புரிந்துகொண்டு. 1969-இலிருந்து நாடு முழுக்கச் சுமார் 250 கடைகள் தங்கள் விற்பனையை நோட்டுப் புத்தகத்தில் கையால் எழுதித் தபாலில் அனுப்பின, அதை வைத்துத்தான் வரிசை போட்டார்கள். 1983-இல் கேலப் என்ற கருத்துக்கணிப்பு நிறுவனம் பொறுப்பேற்ற பிறகு கடைகளில் மின்னணுக் கருவி வந்தது. 2015-இல் ஸ்ட்ரீமிங்கும் ஆல்பம் கணக்கில் சேர்ந்தது. இந்த மூன்று காலத்திலும் மாறாத ஒன்று உண்டு. தரவரிசை காட்டுவது ஒரே வாரத்தில் எத்தனை பேர் சேர்ந்து வாங்கினார்கள் என்பதை, அதுவும் அந்த வாரம் வந்த மற்ற ஆல்பங்களோடு ஒப்பிட்டு. பத்து வருடத்தில் எத்தனை பேர் வாங்கினார்கள் என்பதை அது சொல்லவே சொல்லாது. எண்பதுகளில் முதல் பத்துக்குள் வரத் தேவைப்பட்ட விற்பனையோடு பார்த்தால் இன்று தேவைப்படுவது ரொம்பக் குறைவு. சில ஆயிரம் பேர் ஒரே வாரத்தில் வாங்கினால் உள்ளே வந்துவிடலாம். பழைய ராக் குழுக்களின் ஆட்டம் முழுக்க இந்த ஓட்டையில்தான் நடக்கிறது, அதற்குக் கீழே வருகிறேன்.

இப்போது ஃபிஷ் விவகாரம். பிரிவதற்கு முன் மரில்லியன் எந்த உயரத்தில் இருந்தது என்பது உறுதியாகத் தெரியும். 1985-இன் மிஸ்பிளேஸ்டு சைல்டுஹுட் முதலிடம், பிளாட்டினம். அதிலிருந்து தனிப் பாட்டாக, அதாவது சிங்கிளாக, வந்த கெய்லி இரண்டாம் இடம். ஃபிஷ் அவர்களோடு பாடிய கடைசி ஆல்பமும் 1987-இல் இரண்டாம் இடம். பிரிந்த பிறகு, புதுப் பாடகர் ஸ்டீவ் ஹோகார்த்தோடு மரில்லியன் 1989 செப்டம்பரில் வெளியிட்ட சீசன்ஸ் எண்ட் ஏழாம் இடம் வந்தது. ஃபிஷ்ஷின் முதல் தனி ஆல்பம் விஜில் 1990 ஜனவரியில் வந்து ஐந்தாம் இடம் பிடித்தது. இரண்டுமே இஎம்ஐ நிறுவனத்தின் வெளியீடு என்பதை மறக்காதீர்கள். ஃபிஷ்ஷின் ஆல்பம் 1989 நடுவிலேயே தயாராகிவிட்டது, மரில்லியனோடு மோத வேண்டாம் என்று லேபிள்தான் தள்ளி வைத்தது. இரண்டு பக்கமும் ஒரே கூட்டத்தைத்தான் நம்பியிருக்கிறது என்று லேபிளுக்கே தெரிந்திருந்தது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

சிங்கிள்களிலும் அதே கதை. ஃபிஷ்ஷின் மூன்று சிங்கிள்கள் 32, 25, 30 என்று நின்றன. மரில்லியனின் மூன்றும் 30, 53, 34. எந்தப் பக்கத்திலும் இன்னொரு கெய்லி வரவில்லை. அதற்குப் பிறகு இரண்டு வரிசையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மரில்லியன் 1991-இல் 7, 1994-இல் 10, 1995-இல் 16, 1997-இல் 27, 1998-இல் 35, 1999-இல் 53. ஃபிஷ் 1991-இல் 21, பிறர் பாடல்களைப் பாடிய 1993 ஆல்பத்துக்கு 46, 1994-இல் 18, 1997-இல் 42, 1999-இல் 57. பத்து வருடம் கழித்து இருவரும் கிட்டத்தட்ட ஒரே படியில் நிற்கிறார்கள். ஃபிஷ் முதலில் வேகமாக இறங்கினார், மரில்லியன் நிதானமாக இறங்கியது, போய்ச் சேர்ந்த இடம் ஒன்றுதான். ரசிகர்கள் முப்பது வருடத்துக்கும் மேலாக "யார் ஜெயித்தது" என்று சண்டை போடுகிறார்கள், இந்த இரண்டு வரிசையையும் சேர்த்து வைத்துப் பார்த்தவர்கள் குறைவு.

தரவரிசையின்படி தொண்ணூறுகளில் மரில்லியன் முன்னால் இருந்தது என்பதை உறுதியாகச் சொல்லலாம். எத்தனை ஆயிரம் முன்னால் என்பதைச் சொல்ல முடியாது. பிரிட்டனுக்கு வெளியே ஜெர்மனியிலும் நெதர்லாந்திலும் இருவருக்கும் பெரிய கூட்டம் உண்டு, அந்த நாடுகளின் விற்பனையைச் சேர்த்தால் இடைவெளி கூடுமா குறையுமா என்பது பொதுவில் உள்ள எந்த ஆவணத்திலும் இல்லை. என் ஊகம், கொஞ்சம் குறையும். ஊகம் என்றே அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

விழுவது ஏன் என்பதற்கு வருவோம். கடையில் நடப்பதைச் சொன்னால் பாதி புரிந்துவிடும். லேபிளின் விற்பனைப் பிரதிநிதி வருவார், பையைத் திறந்து அந்த மாத வெளியீட்டுத் தாளை மேசையில் வைப்பார். தனி ஆல்பம் என்றால் கடைக்காரர் கேட்கும் முதல் கேள்வி, "இவர் எந்தக் குழு?" அடுத்த கேள்வி, "அந்தக் குழுவின் போன ஆல்பம் எத்தனை போச்சு?" அந்த எண்ணில் ஒரு பங்கைத்தான் ஆர்டர் போடுவோம். முதல் தனி ஆல்பத்துக்குத் தாராளமாகப் போடுவோம், அது சரியாக விற்காவிட்டால் இரண்டாவதுக்குக் கை சுருங்கிவிடும். அப்புறம் அலமாரி. ஆங்கில எழுத்து வரிசையில் அடுக்கிய கடையில் மரில்லியனுக்குப் பெயர் பொறித்த தனி பிளாஸ்டிக் அட்டை இருக்கும், பின்னால் பழைய ஆல்பங்கள் எல்லாம் நிற்கும். ஃபிஷ்ஷின் ஆல்பம் வேறு எழுத்தில், "மற்றவை" என்ற அட்டைக்குப் பின்னால், தெரியாத பத்து பேரோடு கிடக்கும். மரில்லியன் புதிதாக ஒன்று போட்டால் பழையதும் கூடவே விற்கும், தனியாளுக்கு அந்தத் தயவு கிடையாது. லேபிள்கள் இதற்காகத்தான் சிடியின் மேலுறையில் "முன்னாள் இன்னார் குழுப் பாடகர்" என்று வட்ட ஸ்டிக்கர் ஒட்டி அனுப்பின. அந்த ஸ்டிக்கர் இல்லாமல் வந்த பெட்டிகளுக்கு எங்கள் கடையில் நாங்களே பேனாவால் எழுதி ஒட்டியது உண்டு, ஒட்டிய வாரம் வித்தியாசம் தெரியும். ஜனங்கள் குழுவின் பெயரைத்தான் தேடி வருகிறார்கள், ஆளின் பெயர் பல பேருக்குத் தெரியவே தெரியாது.

இதைச் சோதனைபோலப் பார்க்க யெஸ் குழுவைவிட நல்ல உதாரணம் கிடையாது. மரில்லியனைவிடப் பெரிய குழுதான், ஆனாலும் இந்தக் கேள்விக்கு அவ்வளவு பொருத்தம். 1974 முடிவில் வந்த ஆல்பம் பிரிட்டனில் நான்காம் இடம், அமெரிக்காவில் ஐந்தாம் இடம். அதன் சுற்றுப்பயணம் முடிந்ததும் ஆளுக்கொரு தனி ஆல்பம் என்று முடிவு செய்தார்கள். 1975 அக்டோபரிலிருந்து அடுத்த கோடைக்குள் ஐந்து பேரும் வெளியிட்டுவிட்டார்கள். கித்தார்க்காரர் ஸ்டீவ் ஹவ் 22-ஆம் இடம், பேஸ் வாசித்த கிறிஸ் ஸ்கொயர் 25, கீபோர்டு பாட்ரிக் மொராஸ் 28, டிரம்ஸ் ஆலன் வைட் 41, பாடகர் ஜான் ஆண்டர்சன் 8. அப்புறம் மொராஸ் போய் பழைய கீபோர்டு கலைஞர் ரிக் வேக்மேன் திரும்பி வர, குழுவாக 1977-இல் வந்தார்கள், முதலிடம். ஒரே குழு, ஒரே ரசிகர் கூட்டம், இரண்டு வருடத்துக்குள் எல்லாம். பாடகருக்கும் அடுத்தவருக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி பாருங்கள். கிறிஸ் ஸ்கொயரின் ஆல்பம் குழுவின் சத்தத்துக்கு ரொம்ப நெருக்கமானது, என் காதுக்கு ஐந்திலும் அதுதான் உயர்ந்தது, விற்பனை அதைக் கேட்கவில்லை. குரல் இருக்கும் இடத்துக்குத்தான் கூட்டம் முதலில் போகிறது.

ஆனால் குரல் மட்டும் போதும் என்று நினைத்துவிடக் கூடாது. அதே யெஸ் குழுவிலிருந்து வந்த ரிக் வேக்மேன் பாடவே மாட்டார், கீபோர்டுதான், 1974-இல் அவருடைய ஜர்னி டு த சென்டர் ஆஃப் தி எர்த் பிரிட்டனில் முதலிடம், அமெரிக்காவில் மூன்றாம் இடம். லண்டன் சிம்ஃபனி இசைக்குழு, பாடகர் குழு, கதைசொல்லி எல்லாம் சேர்த்து மேடையில் பதிவு செய்தது. அவர் பளபளக்கும் அங்கியோடு கீபோர்டு அடுக்குகளுக்கு நடுவே நின்றவர், மேடையில் அவரை யாரும் தவறவிட்டிருக்க முடியாது. ரசிகர் மனதில் தனி முகம் ஏற்கனவே பதிந்திருந்தது என்பதுதான் இங்கே விஷயம் என்று நினைக்கிறேன்.

ஜெனிசிஸ் இதை இன்னும் கொடூரமாகக் காட்டும். எழுபதுகளின் தொடக்கத்தில் அது அசல் சிறு கூட்டக் குழு, 1970-இல் வந்த டிரெஸ்பாஸ் ஆல்பம் வெளியான காலத்தில் சுமார் 6,000 பிரதிகள்தான் போயிற்று என்பார்கள். அதன் கீபோர்டு கலைஞர் டோனி பேங்க்ஸ்தான் பெரும்பாலான பாடல்களின் முதுகெலும்பு. அவருடைய தனி ஆல்பம் 1979-இல் 21-ஆம் இடம், 1983-இல் வந்த அடுத்தது 50. கித்தார் ஸ்டீவ் ஹாக்கெட் 1975-இல் 26, மைக் ரதர்ஃபோர்டு 1980-இல் 13. டிரம்ஸ் வாசித்த பில் காலின்ஸ் 1981 பிப்ரவரியில் ஃபேஸ் வேல்யூ போட்டார், முதலிடம், உலகம் முழுக்க லட்சக்கணக்கில் போயிற்று. முன்னாள் பாடகர் பீட்டர் கேப்ரியல் 1977-இல் ஏழாம் இடத்தில் தொடங்கினார், 1980-இல் வந்த மூன்றாவது ஆல்பத்தை அமெரிக்காவில் அட்லாண்டிக் நிறுவனம் வேண்டாமென்று தள்ளிவிட்டது, அதே ஆல்பம் பிரிட்டனில் முதலிடம் வந்தது. 1986-இல் சோ ஆல்பம் அமெரிக்காவில் இரண்டாம் இடம்வரை போனது.

இந்த இரண்டு பேரும் குழுவின் ரசிகர்களுக்கு விற்று அந்த உயரம் போகவில்லை. காலின்ஸின் ஆல்பத்துக்கு முந்தைய மாதமே இன் தி ஏர் டுநைட் சிங்கிள் இரண்டாம் இடத்துக்கு வந்துவிட்டது, ஜெனிசிஸ் என்ற பெயரையே கேள்விப்படாதவர்கள் வானொலியில் கேட்டு வாங்கினார்கள். பேங்க்ஸின் ஆல்பத்தை ஜெனிசிஸ் ரசிகர் மட்டும் வாங்கினார், அதிலும் எல்லாரும் வாங்கவில்லை. குழுவிலிருந்து கிடைக்கும் கூட்டம் முதல் ஆல்பத்தின் முதல் சில வாரங்களுக்குத்தான் உதவும். அதற்குள் புது ஆட்கள் வரவில்லை என்றால் ஒவ்வொரு ஆல்பத்துக்கும் அந்தக் கூட்டம் கரையும். ஃபிஷ்ஷுக்கு நடந்தது இதுதான். கேப்ரியலுக்கு நடக்காமல் போனதும் இதுதான். ஃபிஷ்ஷின் பாட்டு கேப்ரியலுக்குக் குறைந்தது என்று நான் சொல்லவே மாட்டேன். விஜில் இன்றும் நான் எடுத்துக் கேட்கும் ஆல்பம். ஆனால் 1990-இல் பிரிட்டிஷ் வானொலி அந்த மாதிரி இசைக்குக் கதவைச் சாத்திக்கொண்டிருந்தது. அடுத்த ஆல்பத்துக்குள் இஎம்ஐயோடு வழக்கு நடந்து பாலிடோருக்கு மாறினார், அந்த ஒன்றே முக்கால் வருட இடைவெளியும் அவரைச் சுட்டது.

இதற்கு விலக்கான கதைகளும் உண்டு. ஜப்பான் என்ற குழு பிரிந்த பிறகு பாடகர் டேவிட் சில்வியனின் முதல் தனி ஆல்பம் 1984-இல் நான்காம் இடம் வந்தது, குழுவின் டின் டிரம் 1981-இல் 12-ஐத் தாண்டவில்லை. அதாவது முதல் அடியில் குழுவையே மிஞ்சினார். அடுத்த இரண்டு ஆல்பத்துக்குள் 24, 37 என்று இறங்கிவிட்டார், அதுவும் அவரே எளிய பாட்டிலிருந்து விலகிப் போனதால். பௌஹவுஸ் குழுவின் பீட்டர் மர்ஃபியின் டீப் ஆல்பத்தைச் சொந்த நாடு கண்டுகொள்ளவே இல்லை, அமெரிக்காவில் 1990-இல் 44-ஆம் இடம் வரை போனது, அங்கே கல்லூரி வானொலி அவரைத் தூக்கிப் பிடித்தது. பிரிட்டன் தரவரிசையை மட்டும் பார்ப்பவர் அவரைத் தோற்றவர் என்று எழுதிவிடுவார். ஸ்டீவன் வில்சன் கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். போர்க்குபைன் ட்ரீ 2009-இல் 23-ஆம் இடத்தோடு நின்றது. அப்புறம் அவர் தனியாக வெளியிட்டவை 34, 28, 13 என்று ஏறி 2017-இல் மூன்றாம் இடம். பதின்மூன்று வருடம் கழித்துக் குழு 2022-இல் திரும்பி வந்தபோது இரண்டாம் இடம், அது தனியாளின் உழைப்பில் குழுவுக்குக் கிடைத்த வட்டி. ஃபிஷ்ஷின் 1997 ஆல்பத்தைத் தயாரித்தவரும் இவர்தான்.

தரவரிசையே பிடிக்க முடியாத ஒரு வகை விற்பனையும் இருக்கிறது. பிங்க் ஃபிளாய்டின் முதல் பாடகர் சிட் பாரெட்டின் முதல் தனி ஆல்பம் 1970 ஜனவரியில் 40-ஆம் இடம், அதே வருட முடிவில் வந்த இரண்டாவது வரிசையில் வரவே இல்லை. 1973-இல் பிங்க் ஃபிளாய்டு உலகப் பெரும் குழு ஆனதும், அடுத்த வருடமே அந்த இரண்டையும் சேர்த்து அமெரிக்காவில் இரட்டை ஆல்பமாக விற்றார்கள். அவர் பாடுவதை விட்டுப் பல வருடம் ஆன பிறகும் ஆல்பங்கள் கடையில் இருந்துகொண்டே இருந்தன. டாக் டாக் குழுவின் மார்க் ஹாலிஸ் 1998-இல் ஒரே ஒரு தனி ஆல்பம் போட்டார். 53-ஆம் இடம். கச்சேரி கிடையாது. அதற்குப் பிறகு 2019-இல் இறக்கும்வரை இன்னொரு ஆல்பமும் கிடையாது. அந்த ஆல்பத்தைக் கிடங்கிலிருந்து பெட்டியாக யாரும் கேட்டதில்லை. ஒன்று போகும், ஒரு மாதம் கழித்து இன்னொன்று கேட்பார்கள், வருடம் முழுக்க அந்தக் கேட்பு நிற்காது. பிறகு வினைலில் மறுபதிப்பும் வந்தது. இப்படி விற்பதை எந்த வாரக் கணக்கிலும் பார்க்க முடியாது. வான் டெர் கிராஃப் ஜெனரேட்டரின் பீட்டர் ஹாமில் இன்னொரு மாதிரி. குழுவின் 1971 ஆல்பம் இத்தாலியில் முதலிடம் வந்தது, அவருடைய முப்பதுக்கும் மேற்பட்ட தனி ஆல்பங்கள் பிரிட்டனில் பெரிய சத்தம் எழுப்பியதில்லை. 1992-இல் சொந்த லேபிள் தொடங்கி அவர் பாட்டுக்கு வெளியிட்டுக்கொண்டே வந்தார்.

சொந்த லேபிள் என்றதும் கணக்கே மாறிவிடுகிறது, இதைச் சொல்லாமல் உங்கள் கேள்விக்குப் பதில் முழுமையாகாது. பெரிய லேபிள் வழியாகப் பத்து பவுண்டு சிடி விற்றால் கலைஞர் கைக்கு ஏறத்தாழ ஒரு பவுண்டு வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள், அதுவும் முன்பணம், ஸ்டூடியோ செலவு, வீடியோ செலவு எல்லாம் கழிந்த பிறகு, அதையும் ஐந்து பேர் பிரிக்க வேண்டும். தானே அச்சிட்டுத் தபாலில் அனுப்பினால் பாதிக்கு மேல் தன்னிடமே நிற்கும். ஆக நேரடியாக விற்கும் பத்தாயிரம், லேபிள் வழியாக விற்கும் ஐம்பதாயிரத்துக்குச் சமம். ஃபிஷ் இதை முதலிலேயே புரிந்துகொண்டவர்களில் ஒருவர். தொண்ணூறுகளில் ஸ்காட்லாந்தின் ஹாடிங்டன் ஊர் அருகே தன் பண்ணை வீட்டில் ஸ்டூடியோ, சொந்த லேபிள் என்று இறங்கினார். 2020-இல் வந்த கடைசி ஆல்பத்தையும் அவரே நேரடியாக விற்றார்.

மரில்லியன் அதே வழியில் இன்னும் தூரம் போனது. 1995-இல் இஎம்ஐ கைவிட்ட பிறகு, 1997-இல் அமெரிக்கப் பயணத்துக்குப் பணமில்லை என்றதும் ரசிகர்களே 60,000 டாலர் திரட்டிக் கொடுத்தார்கள். 2001-இல் இன்னும் பதிவே செய்யாத ஆல்பத்துக்கு 12,000 பேருக்கும் மேல் முன்கூட்டியே பணம் கட்டினார்கள். 2004-இல் ரசிகர்களிடம் ஒரே வாரத்தில் வாங்கச் சொல்லிக் கேட்டு ஒரு சிங்கிளை ஏழாம் இடத்துக்குக் கொண்டுபோனார்கள், 1987-க்குப் பிறகு அந்தக் குழுவின் சிங்கிள் ஒன்று முதல் பத்தில் வந்தது அப்போதுதான். 2016-இல் ஆல்பம் நான்காம் இடம், 2022-இல் இரண்டாம் இடம். 1994-இல் பத்தாம் இடம் வந்த ஆல்பம் இந்த இரண்டையும்விட அதிகப் பிரதிகள் விற்றிருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. 1999-இல் 53-இல் இருந்தவர்கள் 2022-இல் இரண்டுக்கு வந்ததால் இருபத்தைந்து மடங்கு வளர்ந்துவிட்டார்கள் என்று படிக்காதீர்கள். சந்தை சுருங்கியது, அவர்களுடைய கூட்டம் சுருங்கவில்லை, அதையும் ஒரே வாரத்துக்கு ஒன்றுதிரட்டத் தெரிந்துகொண்டார்கள்.

ஆகவே உங்கள் கேள்விக்கு நேர் பதில்: முதல் சுற்றில் இருவரும் ஏறத்தாழ சமம், தொண்ணூறுகளில் மரில்லியன் மேலே, 1999-இல் மறுபடி சமம், அதற்குப் பிறகு மரில்லியன் தெளிவாக மேலே. இது தரவரிசையை வைத்து உறுதியாகச் சொல்லக்கூடியது. மொத்தப் பிரதிகள் எத்தனை என்று யாராவது ஆயிரம்வரை துல்லியமாகச் சொன்னால், லேபிளின் கணக்கா, சான்றிதழா என்று கேளுங்கள், இரண்டும் இல்லை என்றால் விட்டுவிடுங்கள். கடைசியாகக் கேட்டிருந்தீர்களே, ஹோகார்த் தனியாக ஏதாவது செய்தாரா என்று. 1997-இல் வெறும் "எச்" என்ற ஒற்றை எழுத்துப் பெயரில் ஐஸ் கிரீம் ஜீனியஸ் போட்டார். அந்தப் பெயரை வைத்துக் கடையில் யாரும் அதைக் கண்டுபிடிக்க வழியே இல்லை. நல்ல ஆல்பம், பழைய சிடி எங்காவது கிடைத்தால் வாங்கிவிடுங்கள்.